பிளான் போடுபவரா, பாரம் கணக்கிடுபவரா? கட்டடத் துறைக்குள் நுழைய ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊரில் சட்டைப் பையில் அளவு டேப் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: இன்ஜினியர். மனையை அளப்பவரும் இன்ஜினியர், வீட்டுக்கு பிளான் போடுபவரும் இன்ஜினியர், கம்பி எத்தனை எம்எம் என்று சொல்பவரும் இன்ஜினியர், ஆள் வைத்து வேலை வாங்கும் ஒப்பந்தக்காரரும் இன்ஜினியர். வீடு கட்டுகிறவருக்கு இந்தக் குழப்பத்தால் பெரிய நஷ்டமில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அப்படியில்லை. "சிவில் எடு, நன்றாக வரைகிறாய், ஆர்க்கிடெக்ட் ஆகலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில்தான் தான் ஏறியது வேறு பஸ் என்று கண்டுகொண்ட மாணவர்களை நான் வருடந்தோறும் பார்க்கிறேன். அதனால் கல்லூரிப் பட்டியலுக்கு முன்னால் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துவிடுவோம்.

முதல் படி: இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்த்தல்

கட்டடக்கலைஞர் கேட்கும் கேள்வி, "இந்த இடத்தில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள்?" வெயில் எந்தப் பக்கம் விழும், காற்று எந்த சன்னல் வழியே வரும், பாட்டி எழுந்து கழிப்பறைக்குப் போக எத்தனை படி ஏற வேண்டும், மழை நீர் எங்கே போகும், எல்லாம் அவர் தலையில். கட்டமைப்புப் பொறியாளர் கேட்பது, "இது எப்படி நிற்கும், எப்போது விழும்?" கூரையின் பாரம் பீமுக்கு (உத்தரம்), பீமிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து பூட்டிங்குக்கு (தூணின் அடித்தளம்), அங்கிருந்து மண்ணுக்கு என்று இறங்கும் பாதையைக் கண்ணில் காணாமலேயே பின்தொடர்வது அவர் தொழில்.

இருவரும் சேரும்போது என்ன நடக்கும் என்பதற்கு டெல்லி பிரகதி மைதானத்தில் 1972ஆம் ஆண்டு எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் நல்ல உதாரணம். வடிவமைத்த கட்டடக்கலைஞர் ராஜ் ரேவால், கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ். நடுவில் தூணே இல்லாத பெரிய கண்காட்சி அரங்கம் வேண்டும். வேறு நாடாக இருந்தால் இத்தகைய முப்பரிமாணச் சட்டகத்தை எஃகுக் குழாய்களால் செய்திருப்பார்கள். அன்றைய இந்தியாவில் எஃகு எளிதில் கிடைக்கும் பொருளல்ல; கூலியாட்கள் கிடைத்தார்கள். ஆகவே அந்தச் சட்டகம் முழுவதையும் கான்கிரீட்டிலேயே, அதுவும் இடத்திலேயே வார்த்தார்கள். அந்தக் கட்டடத்தின் படத்தைப் பாருங்கள்: எது அழகு, எது தாங்கும் எலும்பு என்று பிரிக்கவே முடியாது. 2017 ஏப்ரலில் அதை இடித்துவிட்டார்கள் என்பது தனி வருத்தம்.

எது உங்களுக்கு என்று அறிய ஒரு சோதனை சொல்கிறேன். புதிய மேம்பாலத்தைப் பார்த்ததும் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறீர்களா, தள்ளி நின்று முழுவதையும் பார்க்கிறீர்களா? முதல் ரகம் கட்டமைப்புப் பக்கம் சாயும், இரண்டாவது ரகம் கட்டடக்கலைப் பக்கம் சாயும். இதை ஜோசியம் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நான் கேட்ட மாணவர்களில் பெரும்பாலோருக்கு இது பலித்திருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே "கட்டடப் பொறியியல்" என்ற தனிப் பட்டம் அமெரிக்காவில் உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது 5 ஆண்டுப் படிப்பு. கட்டமைப்பு, மின்விளக்கு, குளிரூட்டல், கட்டுமான மேலாண்மை நான்கையும் ஒரே கட்டடத்தை மையமாக வைத்துக் கற்பிக்கிறார்கள். நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு வழி இரண்டுதான்: 5 ஆண்டு பி.ஆர்க். அல்லது 4 ஆண்டு பி.இ., பி.டெக். சிவில்.

இரண்டாம் படி: பள்ளியில் செய்ய வேண்டியவை

பிளஸ் ஒன்னில் கணிதம் உள்ள பிரிவை எடுத்தாக வேண்டும். கணிதமும் இயற்பியலும் இல்லாமல் இரண்டு கதவும் திறக்காது. பத்தாம் வகுப்போடு டிப்ளமோ சிவில் சேர்ந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். பாலிடெக்னிக் முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். நான் வேலை செய்த அலுவலகங்களில் கம்பி விவரப் படத்தைப் பிழையில்லாமல் படிப்பவர்கள் அநேகமாக டிப்ளமோ வழியாக வந்தவர்கள்தான்.

மதிப்பெண்ணுக்கு வெளியே இரண்டு பழக்கங்கள் தேவை. ஒன்று, அளப்பது. உங்கள் வீட்டுச் சமையலறையை டேப் வைத்து அளந்து, 1 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்ற கணக்கில் தாளில் வரையுங்கள். அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை சமமாக இல்லையென்றால் அறை கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். கொத்தனார் நூல் கட்டி 3 அடி, 4 அடி, 5 அடி வைத்து மூலைமட்டம் பார்ப்பது நீங்கள் எட்டாம் வகுப்பில் படித்த பித்தகோரஸ் தேற்றமேதான்.

இரண்டாவது, பொருட்களை வளைத்துப் பார்ப்பது. 30 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள மர அடிக்கோலைப் படுக்கையாகப் பிடித்து இரு முனைகளையும் தாங்கி, நடுவில் அழுத்துங்கள். எளிதாக வளையும். அதையே விளிம்பில் நிறுத்தி அழுத்துங்கள். அசையாது. மரம் அதே மரம், எடை அதே எடை, விறைப்பு மட்டும் 100 மடங்கு கூடிவிட்டது. உயரத்தின் மும்மடியோடு விறைப்பு ஏறும் என்பதால் வந்த வித்தியாசம் அது. பீமை ஏன் அகலமாக இல்லாமல் ஆழமாக வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு உங்கள் ஜியாமெட்ரி பெட்டிக்குள்ளேயே பதில் இருக்கிறது.

மூன்றாம் படி: சேர்க்கை

சிவில் பொறியியலுக்குத் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று சுருக்கிய 200 மதிப்பெண் கட்-ஆஃப் வைத்துப் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. இந்தச் சலுகை தெரியாமல் வட்டிக்குக் கடன் வாங்கிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் முதல் பட்டதாரியாக இருந்தால் அதற்கான சான்றிதழை மே மாதமே வாங்கி வையுங்கள். ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களுக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு, திருச்சி என்ஐடி போன்றவற்றுக்கு ஜேஇஇ மெயின்.

பி.ஆர்க். கதை வேறு. இந்தியாவில் இந்தப் படிப்பை ஒழுங்குபடுத்துவது 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கட்டடக்கலைக் கவுன்சில். அது நடத்தும் தேர்வு நாட்டா. ஓவியமும் காட்சித் திறனும் தர்க்கமும் கலந்த 200 மதிப்பெண் தேர்வு அது. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்தே தரவரிசை போடுகிறார்கள். என்ஐடிகளுக்கும், டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளுக்கும் ஜேஇஇ மெயினின் பி.ஆர்க். தாள் எழுத வேண்டும். ஐஐடி காரக்பூர், ரூர்க்கி ஆகியவற்றில் சேர அட்வான்ஸ்டில் தேறிய பிறகு கட்டடக்கலைத் திறனறித் தேர்வு ஒன்றும் உண்டு; அதில் தேர்ச்சி பெற்றால் போதும், அதற்கென்று தனி ரேங்க் கிடையாது. குறைந்தபட்ச மதிப்பெண் விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை நீங்களே படியுங்கள், பயிற்சி மையத்தின் துண்டுப் பிரசுரத்தை நம்ப வேண்டாம்.

நாட்டாவுக்கு அழகாகப் படம் போடத் தெரிய வேண்டும் என்ற பயத்தில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. அழகைவிட அளவு விகிதம்தான் அங்கே முக்கியம். பேருந்து நிலையத்தை வரையச் சொன்னால், பக்கத்தில் நிற்கும் மனிதனின் தலை பேருந்தின் சன்னலுக்கு எந்த உயரத்தில் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். தினமும் 20 நிமிடம், ஒரு பென்சில், ஒரு தெருமுனை. ஆறு மாதத்தில் கை பழகிவிடும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் கண்ணாடி முகப்பைப் பார்த்து மயங்காதீர்கள். சிவில் என்றால் பொருட்சோதனைக் கூடத்துக்குப் போய் அழுத்தச் சோதனை இயந்திரத்தைப் பாருங்கள். அதைச் சுற்றிக் கான்கிரீட் தூளும் உடைந்த கட்டிகளும் கிடந்தால் நல்ல சகுனம். பளபளவென்று துடைத்து உறை போட்டு வைத்திருந்தால் அதை யாரும் ஓட்டுவதில்லை. பி.ஆர்க். என்றால் மாணவர்களின் வடிவமைப்புக் கூடத்தில் இரவு எட்டு மணிக்கு விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரி வளாகத்தின் வரலாறு 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளிவரை போகிறது. கட்டடக்கலைக்கும் அண்ணா பல்கலைக்கழகத்திலேயே தனிப் பள்ளி உண்டு.

நான்காம் படி: பட்டப்படிப்பில் எதைப் பிடித்துக்கொள்வது

கட்டமைப்பை நோக்கிப் போகிறவருக்குப் பாடத்திட்டத்தில் நான்கு தாள்கள் உயிர்: பொருட்களின் வலிமை, கட்டமைப்புப் பகுப்பாய்வு, மண் இயக்கவியல், கம்பிக் கான்கிரீட் வடிவமைப்பு. மற்றவற்றில் தேர்ச்சி பெறுங்கள், இவற்றில் ஊறுங்கள். பாரம், வளைவுத் திருப்புத்திறன் (பெண்டிங் மொமென்ட்), வெட்டுவிசை வரைபடங்களைக் கையால் ஆயிரம் முறை போட்டவருக்குப் பிறகு பீமைப் பார்த்தாலே அது எங்கே விரிசல் விடும் என்று தெரியும்.

எண்களோடு உடல் ரீதியான பழக்கம் வேண்டும். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அறை 3 மீட்டருக்கு 4 மீட்டர், தளம் 125 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு ஒன்றரைக் கனமீட்டர். கம்பிக் கான்கிரீட் கனமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கிலோ. அப்படியென்றால் உங்கள் தலைக்குமேல் தொங்குவது மூன்றே முக்கால் டன். அதன்மேல் வீட்டுக்கு நாம் எடுக்கும் பயன்பாட்டுச் சுமை சதுரமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ, ஆக இன்னும் 2,400 கிலோ. இந்தக் கணக்கை மனத்தில் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. கணினி தரும் விடையில் புள்ளி இடம் மாறியிருந்தால் காட்டிக்கொடுப்பது இந்தக் கணக்குத்தான்.

இந்தியத் தர நிர்ணயங்களை இரண்டாம் ஆண்டிலேயே புரட்டத் தொடங்குங்கள். கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456, எஃகுக்கு ஐஎஸ் 800, சுமைகளுக்கும் காற்றுக்கும் ஐஎஸ் 875, நிலநடுக்கத்துக்கு ஐஎஸ் 1893, நிலநடுக்கத்தில் முறியாமல் வளைந்து கொடுக்கும் கம்பி அமைப்புக்கு ஐஎஸ் 13920. கடைசி இரண்டும் நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். 2002 திருத்தத்தில் சென்னை நிலநடுக்க அபாய வரிசையில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. பாடம் புரியாத இடத்தில் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் காணொளிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பி.ஆர்க். மாணவருக்கு மையம் வடிவமைப்புக் கூடம். ஜூரியில், அதாவது வரைபடங்களை மதிப்பிடும் குழுவின் முன்னால், உங்கள் மூன்று வார உழைப்பை மூன்று நிமிடத்தில் கிழித்துவிடுவார்கள். அழுதுவிட்டு மறுநாள் திரும்ப வரைய வேண்டும். அங்கே கட்டமைப்புத் தாள்களைக் கடன் அடைப்பதுபோல் படிக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தத் தவறைச் செய்யாதீர்கள். தூண் எங்கே வரும் என்று தெரியாமல் வரைந்த பிளானைப் பொறியாளர் திருத்துவார், திருத்திய பிறகு அது உங்கள் பிளானாக இருக்காது.

ஐந்தாம் படி: சைட்

வழிகாட்டியின் மற்ற பகுதிகளை நீங்கள் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு மாதம் கட்டுமான இடத்தில் நில்லுங்கள். சம்பளம் கேட்காதீர்கள், நாற்காலி கேட்காதீர்கள்.

எனக்கு முதல் பாடம் எடுத்தவர் ஒரு கம்பி கட்டும் தொழிலாளி. பட்டம் வாங்கிய புதிது. ஒரு வீட்டின் வெளிநீட்டிய பால்கனிக்குக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். மறுநாள் காலை கான்கிரீட். நான் படத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன்: எண்ணிக்கை சரி, விட்டம் சரி, இடைவெளி சரி. கையெழுத்துப் போடப் போனேன். அவர் மெதுவாக, "தம்பி, மேல கம்பிக்குச் சேர் வைக்கல, பார்த்தீங்களா?" என்றார். நான் விழித்தேன். ஒரு பக்கம் மட்டும் தாங்கி நிற்கும் தளத்தில் இழுவிசை மேற்புறத்தில் வரும், ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். அதைத் தூக்கிப் பிடிக்கும் வளைத்த கம்பிக்குத்தான் சைட்டில் சேர் என்று பெயர். அது இல்லாவிட்டால் கான்கிரீட் போடுகிறவர்கள் மிதித்ததும் கம்பி கீழே இறங்கிவிடும். 125 மில்லிமீட்டர் தளத்தில் 50 மில்லிமீட்டர் இறங்கினால் வலிமையில் பாதி போய்விடும். எண்ணிக்கை, விட்டம், இடைவெளி எல்லாம் சரியாகவே இருக்கும், பால்கனி மட்டும் ஒருநாள் கீழே கிடக்கும். தேர்வில் இதே கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன் என்பதுதான் வெட்கம்.

சைட்டில் பார்க்க வேண்டியவை நிறைய. தூணுக்கு 40, பூட்டிங்குக்கு 50, தளத்துக்கு 20 மில்லிமீட்டர் என்று கவர் பிளாக் (கம்பி கான்கிரீட்டின் விளிம்பைத் தொடாமல் தள்ளி நிறுத்தும் சிறு கட்டி) வைத்திருக்கிறார்களா? தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனை உள்நோக்கி மடங்கியிருக்கிறதா, வெறும் செங்கோணத்தில் நிற்கிறதா? கலவை கெட்டியாக இருக்கிறது என்று யாராவது ஒரு வாளி தண்ணீரை ஊற்றுகிறார்களா? அந்த ஒரு வாளி வேலையைச் சுலபமாக்கும், வலிமையைக் குடித்துவிடும். கான்கிரீட் கியூப் வார்க்கும்போது கூடவே இருங்கள். சோதனைக்காக வார்க்கும் 150 மில்லிமீட்டர் கட்டி அது. எம் 20 கலவை (சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டியது) என்றால் 28 நாள் கழித்து ஏறத்தாழ 46 டன் அழுத்தம்வரை உடையாமல் நிற்க வேண்டும். தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்களா என்று பாருங்கள்.

கம்பியின் எடைக்கு ஒரு சூத்திரம் உண்டு, சைட்டில் எல்லோருக்கும் தெரியும்: விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. இது தெரியாமல் சைட்டுக்குப் போனால் மேஸ்திரி உங்களோடு மரியாதையாகத்தான் பேசுவார், ஆனால் எதையும் சொல்லித் தரமாட்டார்.

மென்பொருள் பற்றி நாலு வரி. ஆட்டோகேட், ரெவிட், ஈடேப்ஸ், ஸ்டாட் புரோ எல்லாம் வேலைக்குத் தேவைதான். மூன்று மாதப் பயிற்சியில் கற்றுவிடலாம், மூன்றாம் ஆண்டுக்கு முன் தொட வேண்டியதில்லை. மென்பொருள் நீங்கள் கொடுத்த தவறான மாதிரிக்கு மிகச் சரியான விடையைத் தரும்.

ஆறாம் படி: விழுந்தவற்றைப் படித்தல்

2014 ஜூன் 28 மாலை, சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்தத் துறைக்குள் வர நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த விபத்தைப் பற்றிய செய்திகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

இன்னொன்று, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1981 ஜூலை 17 அன்று ஒரு ஓட்டலின் தொங்கு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்த சம்பவம். முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பியில் மேல் பாலம், கீழ்ப் பாலம் இரண்டும் தனித்தனியே தொங்கின. தயாரிப்பு வசதிக்காக அதை இரண்டு துண்டுக் கம்பிகளாக மாற்றினார்கள்; கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்தே தொங்கியது. கிணற்றுக் கயிற்றை இருவர் தனித்தனியே பிடித்துத் தொங்குவதற்கும், மேலே தொங்குபவரின் காலைக் கீழே இருப்பவர் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. கயிற்றுக்குப் பாரம் அதேதான், மேலே இருப்பவரின் கைக்கு மட்டும் இருமடங்கு. மேல் பாலத்து உத்தரத்தின் இணைப்பு அப்படித்தான் கிழிந்தது. பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். சின்ன மாற்றம்தானே என்று யாராவது படத்தை நீட்டும்போதெல்லாம் எனக்கு இந்த இணைப்புதான் நினைவுக்கு வரும்.

ஏழாம் படி: மேற்படிப்பும் பதிவும்

கட்டமைப்புப் பொறியாளராக உட்கார சிவில் பட்டம் மட்டும் பெரும்பாலும் போதாது. இரண்டு ஆண்டு எம்.இ., எம்.டெக். படித்தவர்களையே வடிவமைப்பு அலுவலகங்கள் விரும்புகின்றன. கேட் தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு ஐஐடி, என்ஐடியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குச் சீட்டா தேர்வு இருக்கிறது. ஆராய்ச்சியில் மனம் உள்ளவர்களுக்கு, தரமணியில் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமே இருக்கிறது.

பி.ஆர்க். முடித்தவர் கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் பெயருக்கு முன்னால் ஆர்க்கிடெக்ட் என்று போட முடியும். 2020இல் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு நுணுக்கத்தைத் தெளிவுபடுத்தியது: சட்டம் காப்பது அந்தப் பட்டப்பெயரை, அந்த வேலையை அல்ல. அதனால்தான் நம் ஊரில் வீட்டு பிளானை யார் யாரோ போடுகிறார்கள். பொறியாளர்களுக்கு அப்படி நாடு தழுவிய சட்டமே இல்லை. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி கட்டமைப்புப் பொறியாளராகத் தனியே பதிவு செய்ய வேண்டும், அதற்கு வடிவமைப்பு அனுபவமும் காட்ட வேண்டும். ஆகவே முதல் வேலையிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்தக் கட்டடம், எத்தனை மாடி, நீங்கள் கணக்கிட்டது எது, யார் சரிபார்த்தார். சான்றிதழ் கேட்டு ஐந்து வருடம் கழித்துப் பழைய அலுவலகத்தின் வாசலில் நிற்பதைவிட அது சுலபம்.

வேலையில் சேரும்போது சம்பளத்தைப் பார்த்து மனம் உடையலாம். மென்பொருள் நிறுவனத்துக்குப் போன வகுப்புத் தோழர் முதல் ஐந்து வருடம் உங்களைவிட அதிகம் வாங்குவார், இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் கணக்கை யார் சரிபார்ப்பார்?" ஒரு பெயரைச் சொன்னால் சேருங்கள். "மென்பொருளே பார்த்துக்கொள்ளும்" என்றால், பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நில்லுங்கள்.